குண்டுவீச்சு விமான நேவிகேட்டர் (பிரிட்டன், 1939–45)

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் விமானத்தின் இருப்பிடம், திசை, இலக்கை அடையும் நேரம் ஆகியவற்றைக் கணித்த விமானக்குழு உறுப்பினர். 1942 வரை இப்பணியும் குண்டு வீசும் பணியும் 'அப்சர்வர்' என்ற ஒருவரிடமே இருந்தன. பின்னர் அவை தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. நேவிகேட்டரின் சின்னம் 'என்' எழுத்து பொறித்த ஒற்றைச் சிறகு.

ஏழு பேர் கொண்ட லங்காஸ்டர் விமானத்தில் விமானிக்குப் பின்னால், விளக்கொளி வெளியே தெரியாதபடி திரையிட்ட மேசையில் அவர் பணியாற்றினார். வேகம், திசை, காற்றின் போக்கு ஆகியவற்றிலிருந்து வரைபடத்தில் பாதை குறிப்பதே அடிப்படை முறை. காற்றைச் சிறிது தவறாகக் கணித்தாலும் இருளில் விமானம் பல மைல் விலகிவிடும். 1942 முதல் 'ஜீ' வானொலிக் கருவியும், 1943 முதல் 'எச்2எஸ்' ரேடாரும் துணைநின்றன. ஒரு பணிச்சுற்று பொதுவாக 30 தாக்குதல்கள் கொண்டது. குண்டுவீச்சுப் பிரிவில் உயிரிழந்த விமானக்குழுவினர் 55,573 பேர்.

தகுதி பெற்றவர்களுக்குப் போர்ப் பதக்கங்களாக 1939–45 ஸ்டாரும், 1944 ஜூன் 5 வரையிலான பணிக்கு ஏர் குரூ யூரோப் ஸ்டாரும், அதற்குப் பிந்தைய பணிக்குப் பிரான்ஸ் அண்ட் ஜெர்மனி ஸ்டாரும் வழங்கப்பட்டன. கடைசி இரண்டுக்கும் உரியவர் முதலில் ஈட்டிய ஸ்டாரையே அணிந்தார். மற்றொன்று அதன் நாடாவில் பட்டையாகச் சேர்ந்தது. வீரச்செயலுக்கு அதிகாரிகள் டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் (டி.எஃப்.சி.), பிற நிலையினர் டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் மெடல் (டி.எஃப்.எம்.) பெற்றனர். 1943 மே மாத ரூர் அணைத் தாக்குதலில், அதற்குத் தலைமை வகித்த கை கிப்சனின் நேவிகேட்டராக இருந்த கனடியர் ஹார்லோ டேரம் டி.எஃப்.சி. பெற்று, அதே ஆண்டு செப்டம்பரில் டார்ட்மண்ட்–எம்ஸ் கால்வாய்த் தாக்குதலில் உயிரிழந்தார். குண்டுவீச்சுப் பிரிவுக்கான தனிப் பட்டை, மிகத் தாமதமாக, 2013இல்தான் வந்தது.