பாளையங்கோட்டையில் நடந்த தமிழ்நடை விவாதம்

இலக்கணப் பிழை இல்லாமல் எழுதிவிட்டால் போதுமா? படிப்பவருக்குப் புரிந்துவிடுமா? சுமார் இருநூறு வருடங்களுக்கு முன்பு, தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்வி பெரிய விவாதமாகவே எழுந்தது. அதற்குக் காரணமானவர் ரேனியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார்.

1790ல் பிரஷ்யாவில் பிறந்த ரேனியஸ் 1814ல் சென்னை வந்தார். 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838ல் இறக்கும்வரை நெல்லைச் சீமையிலேயே உழைத்தார். திருப்பாற்கடல் நாதன் கவிராயர் என்ற புலவரிடம் முறையாகத் தமிழ் படித்தார்.

அப்போது தமிழ்க் கிறிஸ்தவர்கள் படித்து வந்தது பெப்ரீசியஸ் மொழிபெயர்த்த பைபிள். அதன் புதிய ஏற்பாடு 1772ல் வெளியானது. மூலத்தை விட்டு விலகாமல், கூடியவரை சொல்லுக்குச் சொல் ஒட்டி எழுதப்பட்டது அது. அதைத் திருத்தும் வேலை ரேனியஸிடம் வந்தது.

ஒரு சிறிய உதாரணம் பார்த்தால் சிக்கல் புரியும். "மனிதன், எவன் ஆற்றங்கரையில் நின்றானோ, அவன் கூப்பிட்டான்." இதில் இலக்கணப் பிழை என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் எந்தத் தமிழரும் இப்படிப் பேசமாட்டார். "ஆற்றங்கரையில் நின்ற மனிதன் கூப்பிட்டான்" என்பார். முதல் வாக்கியம் ஐரோப்பிய மொழிகளின் கட்டமைப்பு. இரண்டாவது தமிழ். இலக்கணத்துக்கும் வழக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மொழிபெயர்ப்பின் கொள்கைகளைப் பற்றி ரேனியஸ் 1827ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சொல்லை அப்படியே மாற்றி வைப்பது உண்மையான மொழிபெயர்ப்பு ஆகாது, பொருள் அந்தந்த மொழியின் மரபுப்படி வரவேண்டும் என்பது அவர் வாதம். ஜெர்மனியில் மார்ட்டின் லூதரும் பைபிளை மொழிபெயர்த்தபோது, வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசுவதைக் கவனிக்க வேண்டும் என்றே சொன்னார்.

ஆனால் ரேனியஸ் கொச்சைத் தமிழை ஆதரித்தவர் அல்ல. அவருக்கு முன் வீரமாமுனிவர் செந்தமிழுக்குத் தனியாகவும் கொடுந்தமிழுக்குத் தனியாகவும் இலக்கணம் எழுதியிருந்தார். ரேனியஸ் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடினார். பண்டிதர் மட்டுமே புரிந்துகொள்ளும் செய்யுள் நடையும் வேண்டாம், பிழை மலிந்த பேச்சும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். அவருடைய தமிழ் இலக்கண நூல் 1834ல் வெளிவந்தது. அதற்கு முன்பே 1832ல் 'பூமிசாஸ்திரம்' என்ற புவியியல் நூலைத் தமிழ் உரைநடையில் எழுதியிருந்தார். புதிய ஏற்பாடு 1833ல் வந்தது.

இதை எல்லோரும் வரவேற்கவில்லை. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அவரும் 1774ல் பாளையங்கோட்டையில் பிறந்தவர்தான்! புதிய மிஷனரிகள் பழைய வேத வசனங்களில் கை வைப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்தச் சண்டையில் சாதி வழக்கங்கள் பற்றிய வாதமும் கலந்திருந்தது. ஆனாலும் மொழியைப் பற்றிய அவர் வருத்தத்தை ஒதுக்கிவிட முடியாது. இரண்டு தலைமுறைகள் மனப்பாடமாகச் சொல்லி ஜெபித்த வார்த்தைகள் அவை. ஒருவருக்குக் கரடுமுரடாகத் தெரிந்த நடை இன்னொருவருக்குப் பழகிய, புனிதமான நடை.

கடைசியில் யார் ஜெயித்தார்கள்? முழு வெற்றி யாருக்கும் இல்லை. ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு மீண்டும் திருத்தம் செய்தது. இடையன்குடி கால்டுவெல்லும் அதில் இருந்தார். 1871ல் வெளியான அந்த மொழிபெயர்ப்பு பெப்ரீசியஸை அடிப்படையாகக் கொண்டது, ரேனியஸின் உழைப்பையும் பயன்படுத்திக்கொண்டது.

தொல்காப்பியத்தின் பாயிரமே, அந்த நூல் மக்கள் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து செய்யப்பட்டது என்கிறது. அதாவது இலக்கணம் வழக்கிலிருந்து பிறந்தது. இலக்கணம் பிழையைத் தடுக்கும். வழக்கு அந்நியத்தன்மையை நீக்கும். ஆனால் யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்தால்தான் நடை அமையும். ரேனியஸுக்கு அது தெரிந்திருந்தது: புதிதாக எழுத்துக் கற்ற நெல்லைக் கிராமத்து மக்களுக்காக. சாஸ்திரியாருக்கும் தெரிந்திருந்தது: பழைய வசனத்தோடு வளர்ந்தவர்களுக்காக. இருவரும் மோதிக்கொண்டது அதனால்தான்.