அடையாறு எங்கே தொடங்குகிறது? தாம்பரம் பக்கத்திலேயே ஒரு காலை நடை!

வார இறுதி வந்தாலே தாம்பரம், பெருங்களத்தூர், குரோம்பேட்டை வீடுகளில் ஒரே கேள்விதான்: பக்கத்துல எங்க போகலாம்? மெரினா என்றால் கூட்டம், ஈசிஆர் என்றால் டிராஃபிக். ஆனால் ஓர் ஆறும், அதற்குத் தண்ணீர் தரும் ஏரிகளும், ஏறிப் பார்க்க ஒரு மலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. டிசம்பர் மாத வெள்ளச் செய்தியில் மட்டும் நாம் பெயர் கேட்கும் அடையாறுதான் அது.

செம்பரம்பாக்கத்தில் தொடங்குகிறதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிதான் சரி.

சுமார் 42 கிலோமீட்டர் ஓடும் அடையாறு மலையிலோ ஊற்றிலோ பிறப்பதில்லை. தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கமுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்து, அந்த உபரி நீர் ஓடைகளாக ஒன்று சேர்வதுதான் மேல் அடையாறு. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அது வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகேதான் இதனுடன் கலக்கிறது. அதன்பிறகுதான் அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், கடைசியாகக் கடல்.

முடிச்சூர்காரர்களுக்கு இது ஏன் முக்கியம்?

2015 டிசம்பர் 1-2 மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கியதில் அந்தத் தண்ணீருக்குப் பங்கு உண்டு. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தத் தண்ணீர் வந்து சேரும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் புகுந்தது முக்கியமாக ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர்.

டிவியில் 'செம்பரம்பாக்கம் திறப்பு' என்று பிரேக்கிங் ஓடும்போது மேற்கு தாம்பரத்துக்காரர் பயப்படுவது இயல்புதான். ஆனால் அவர் முதலில் விசாரிக்க வேண்டியது தன் ஊருக்கு மேலே இருக்கிற ஏரி வழியுதா இல்லையா என்பதை. இதை மேப்பில் பார்ப்பதைவிட ஒருதடவை நேரில் நடந்து பார்த்தால் சட்டென்று புரியும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஆதனூர் ஏரிக்கு ஊரப்பாக்கம் அல்லது கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் இறங்கிப் போகலாம். மழைக்காலம் முடிந்த ஜனவரி, பிப்ரவரி சரியான நேரம். ஏரியில் தண்ணீர் இருக்கும், கொக்கும் நாரையும் இறங்கும், வெயிலும் படுத்தாது.

கரையில் நடக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று மதகு. ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாசல் அது. இன்னொன்று கலங்கல். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போகும் தாழ்வான கட்டுமானம். புறநகரில் பல ஏரிகளில் மதகு இருக்கிறது, அது பாய வேண்டிய வயல் வீட்டு மனையாகிவிட்டது. வயல் போனால் மதகுக்கு வேலையில்லை, அவ்வளவுதான். கலங்கலுக்கு அப்படி இல்லை, ஏரி நிரம்பும் ஒவ்வொரு வருஷமும் அதற்கு வேலை உண்டு. அதற்கு எதிரே மனை போட்டிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. புறநகரில் வீடு வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இந்த நடையைக் கட்டாயம் போகலாம்!

முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியில் 2015-க்குப் பிறகு ஆறு அகலப்படுத்தப்பட்டு, கரைகளும் பலப்படுத்தப்பட்டன. ஆனால் ஆற்றோரம் முழுக்க நடக்க ஒரே பாதை கிடையாது. துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும்.

திருநீர்மலை: மிஸ் பண்ணக்கூடாத இடம்

ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் இங்கே போங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்தில் இருக்கிறார். படியேறினால் மலைமேல் இருந்த, கிடந்த, நடந்த கோலங்கள். நான்கு கோலத்தையும் ஒரே ஊரில் பார்க்கலாம்.

ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசித்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. புராணமோ இல்லையோ, இந்த இடத்தில் தண்ணீர் தேங்கும் என்பது பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மலை உயரமில்லை, குழந்தைகளும் பெரியவர்களும் நிதானமாக ஏறலாம். மேலிருந்து சுற்றியுள்ள நீர்நிலைகள், குவாரிகள், நெருக்கியடித்த வீடுகள், விமான நிலையம் எல்லாம் தெரியும். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றுக்கு மேலே பாலம்போல் கட்டப்பட்டிருக்கிறது.

திருநீர்மலையைத் தாண்டி, நெசவுக்குப் பெயர்போன அனகாபுத்தூர் பக்கம் போனால் காட்சி மாறிவிடும். கழிவுநீர் வாடை வரும். ஆற்றோரக் குடியிருப்புகள் 2025 மே மாதம் இடிக்கப்பட்டதும் இங்கேதான். நடைக்கு ஏற்ற அடையாறு பெரும்பாலும் திருநீர்மலையோடு முடிந்துவிடுகிறது.

கிழக்கு தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு?

அந்தப் பக்கத்துத் தண்ணீருக்கு வேறு வழி. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகள் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை நோக்கி வடிகின்றன. மாடம்பாக்கத்தில் சோழர் காலத்து தேனுபுரீஸ்வரர் கோயிலையும் ஏரியையும் சேர்த்துப் பார்க்கலாம். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவை பார்க்க அதுதான் பெஸ்ட். மேடவாக்கம் அருகே நன்மங்கலம் காப்புக்காடும் இருக்கிறது, ஆனால் வனத்துறை அனுமதி பற்றி விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

கிளம்பும் முன்...

மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் ஏரிக்கரைக்கும் ஆற்றுக்கும் போகவே வேண்டாம். கலங்கலில் தண்ணீர் வழியும்போது இறங்கி ரீல்ஸ் எடுப்பது உயிருக்கே ஆபத்து. பாசி வழுக்கும், இழுப்பு மேலே தெரியாது. புதர் ஓரம் பாம்பு இருக்கலாம், செருப்பைவிட ஷூ நல்லது. கரைகளில் கடை கிடையாது, தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

திருநீர்மலைக்குப் பல்லாவரம், குரோம்பேட்டை இரண்டு பக்கமிருந்தும் போகலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், படியும் சுடும். மேலே உள்ள சன்னதிகளையும் பார்க்க நினைப்பவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள்.