என்ஜின் தாங்குமா? லாரிக்கு டர்போ வந்த கதை

காரிமங்கலம் வழியாகப் போகும் சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையில் (அன்றைய என்.எச். 7, இன்று 44) பழைய பார லாரிக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கு அந்தக் கரும்புகை மறந்திருக்காது. சேலத்திலிருந்து வரும் வண்டிக்குத் தொப்பூர் கணவாய் ஒரு சோதனை. கிருஷ்ணகிரி தாண்டினால் ஓசூர் ஏற்றம் இன்னொன்று. ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டீசலை எவ்வளவு ஊற்றினாலும் அதை எரிக்கக் காற்று வேண்டுமே! போதாத காற்றில் எரிந்த டீசல்தான் அந்தப் புகை.

இதற்கான மருந்தை ஸ்விட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கி வைத்துவிட்டார். வீணாக வெளியேறும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளுவது. 1920-களில் இரண்டு ஜெர்மன் கப்பல்களில் பூட்டியபோது 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது.

கப்பலில் சரி. கனத்துக்கும் இடத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. சாலை வண்டியில்தான் சிக்கல். காற்று கூடினால் டீசல் கூடும், அழுத்தமும் சூடும் சேர்ந்தே கூடும். சாதாரண என்ஜினில் டர்போவை மட்டும் மாட்டினால் பிஸ்டன் உருகும், கனெக்டிங் ராடு வளையும், ஹெட் கேஸ்கட் ஊதிவிடும். ஆக, டர்போவின் வரலாறு என்பது பாதிக்கு மேல் பிஸ்டனின் வரலாறுதான்.

மெர்சிடிஸ் கம்பெனி செய்ததைப் பாருங்கள். அவர்களுடைய 3 லிட்டர், 5 சிலிண்டர் டீசல் என்ஜின் டர்போ இல்லாமல் 80 குதிரைத்திறன் தந்தது. 1976-ல் அதை டர்போவோடு ஒரு சோதனைக் காரில் வைத்து, இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் ஓட்டிச் சாதனைகள் படைத்தார்கள். 1978-ல் 300 எஸ்.டி. காரில் விற்பனைக்கு வந்தபோது சக்தி ஏறத்தாழ 115. ஆனால் உள்ளே பல பாகங்கள் மாறியிருந்தன. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் குழாய்கள், சூட்டைக் கடத்த உள்ளே சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வுகள், கடினப்படுத்திய கிராங்க் ஷாஃப்ட்... டர்போ கடைசியாக மாட்டிய பொருள் என்றே சொல்லலாம்!

நம் நாட்டு லாரிக்கும் இந்த மெர்சிடிஸ் உறவுக்காரர்தான். டாடா 1954 முதல் 1969 வரை டைம்லர்-பென்ஸ் கூட்டோடு லாரி செய்தது. டாடா 697 என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம். இதற்கு டர்போ பூட்டிய வகைதான் லாரி முகப்பில் 'டி.சி.' என்று எழுதிக்கொண்டு வந்தது. உதிரி பாகங்களுக்குச் சென்னையை விட்டால் வேறு ஊர் ஏது? செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே தொடங்கியது. டர்போ செய்யவென்றே டர்போ எனர்ஜி நிறுவனம் 1982-ல் வந்தது. டர்போ என்ஜினுக்கான பிஸ்டனில் மேல் ரிங் உட்காரும் பள்ளத்தில் மட்டும் இரும்பு வளையம் ஒன்றை வார்த்திருப்பார்கள். வெறும் அலுமினியம் என்றால் அந்தச் சூட்டில் பள்ளம் தேய்ந்து ரிங் ஆடத் தொடங்கிவிடும்.

2000-க்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் புகை விதிகள் படிப்படியாக இறுகின. டர்போ இல்லாத பெரிய லாரி மெல்ல மறைந்தது. ஓட்டுநரின் பழக்கமும் மாற வேண்டியிருந்தது. ஏற்றம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைத்தால், எண்ணெய் ஓட்டம் நின்று டர்போவின் பேரிங் கருகும். ஒன்றிரண்டு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும்.

தொப்பூரில் ஏறுவது இப்படிச் சுலபமாகிவிட்டது. இறங்குவது ஆகவில்லை. தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் வண்டிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.