ஒன்றிய சேர்மனுக்கு மக்கள் ஏன் நேரடியாக ஓட்டு போட முடியாது? | முழு விளக்கம்

கடலூர் மாவட்டம் கம்மாபுரத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தால், ஒரு வாக்காளர் கையில் நான்கு வாக்குச்சீட்டுகள் இருக்கும். ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் ஆகிய நால்வருக்கும் நேரடி ஓட்டு உண்டு. ஆனால் ஒன்றியத்துக்கே தலைவரான சேர்மனுக்கு மட்டும் சீட்டு கிடையாது. ஏன்?

சேர்மன் தேர்வு எப்படி நடக்கிறது?

சுமார் 5,000 பேருக்கு ஒரு கவுன்சிலர். ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி, தங்களில் ஒருவரைச் சேர்மன் ஆக்குவார்கள். இதுதான் மறைமுகத் தேர்தல். ஓட்டு சமமாக விழுந்தால் குலுக்கல்தான். கடலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் மக்கள் ஓட்டு போட்டார்கள். சேர்மன்களைக் கவுன்சிலர்கள் 2020 ஜனவரி 11-ல் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது.

இதில் என்ன பிரச்னை?

ஓட்டு போடுபவர்களே ஒரு சிலர்தான். இரண்டு பேர் மனசு மாறினாலே முடிவு மாறிவிடும். கவுன்சிலர்களை வெளியூரில் தங்கவைப்பது, பேரம் பேசுவது போன்ற புகார்கள் கிளம்புவதும் இதனால்தான். அரசியலமைப்பின் 10-வது அட்டவணையில் உள்ள கட்சித் தாவல் தடை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான்; கவுன்சிலர்களைக் கட்டுப்படுத்தாது.

நேரடித் தேர்தலில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. தலைவர் ஒரு கட்சி, கவுன்சிலர்களில் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் தீர்மானங்கள் முடங்கும். 2019 நவம்பரில் மேயர் தேர்தலை மறைமுகமாக மாற்றியபோது தமிழக அரசு சொன்ன காரணமும் இதுதான். சென்னையில் 1996, 2001, 2011-ல் மேயரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். 2006, 2022-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

மேயருக்கு மாற்ற முடிந்தது, சேர்மனுக்கு முடியாதா?

இங்கேதான் முடிச்சு. மாநகராட்சி, நகராட்சித் தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலமே முடிவு செய்ய அரசியலமைப்பின் 243ஆர் பிரிவு இடம் தருகிறது. ஒன்றியம், மாவட்ட ஊராட்சித் தலைவர்களை உறுப்பினர்களே தங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 243சி(5) கட்டாயமாகச் சொல்கிறது. 1993-ல் அமலான 73-வது திருத்தம் கொண்டுவந்த விதி இது. எனவே சென்னை சட்டமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டாலும் போதாது; நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும்.

அப்படியென்றால் வழியே இல்லையா?

முறையை ஒழிக்க டெல்லி போக வேண்டும், சீர்திருத்த வேண்டியதில்லை. மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 2003 முதல் தங்கள் ஓட்டைக் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போடுகிறார்கள். அதேபோல சேர்மன் தேர்தலிலும் வெளிப்படை வாக்களிப்பைக் கொண்டுவந்தால், தன் கவுன்சிலர் யாருக்கு ஓட்டு போட்டார் என்பதையாவது கம்மாபுரம் வாக்காளர் தெரிந்துகொள்ளலாம்.