பங்களாவின் தாழ்வாரமும் உப்பளத்து வெயிலும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து செல்வோர் வெயிலில் மின்னும் உப்புப் பாத்திகளையும், வழிநெடுக ஓய்வு விடுதிகளின் பெயர்ப்பலகைகளையும் காண்கிறார்கள். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் என்னிடம், "ஐயா, பங்களா என்றால் வெள்ளைக்காரர் வீடுதானே?" என்று கேட்டார்.

பாதிதான் உண்மை. பங்களா என்னும் சொல் வங்காளத்திலிருந்து வந்தது. அங்கே அது குடியானவரின் கூரைவீடு. மழைச்சாரல் உள்ளே வராதபடி இறவாரம் தாழ்ந்து இறங்கும். ஆங்கிலேயர் அந்த அமைப்பை எடுத்து, அகன்ற தாழ்வாரமும் தடித்த சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த மேற்கூரையும் சேர்த்துத் தங்கள் இல்லமாக்கிக்கொண்டனர். புகையும் நெருப்பும் அணுகாதபடி சமையலறை பின்புறம் தனியே நின்றது. அறையின் நடுவே தொங்கும் பெரிய துணி விசிறியின் கயிறு சுவரிலுள்ள துளை வழியே வெளியே செல்லும். அதை இழுப்பவர் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பார். பழைய பங்களா ஒன்றில் அத்துளையைக் காணும்போதெல்லாம், உள்ளே உறங்கியவரைக் காட்டிலும் வெளியே உறங்காதிருந்தவரையே நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஓய்வுக்கென்றே பங்களாக்கள் எழுந்த கதைக்கு நம் மாநிலத்தில் கொடைக்கானல் நல்ல சான்று. அமெரிக்க மதுரை மிஷன், யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே ஊழியம் செய்துவந்தவர்களால் 1834-இல் தொடங்கப்பட்டது. வெப்பத்தைவிட வாந்திபேதியும் விஷக்காய்ச்சலுமே அவர்களை வாட்டின. ஊழியர் மரித்தனர்; அவர்தம் குடும்பத்தாரும் மரித்தனர். முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் விடவில்லை. அதன் பின்னரே பழனி மலைமேல், ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் இடம் தேடினர். 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு பங்களாக்கள் அங்கே எழுந்தன. இன்று சுற்றுலாப் பயணிகள் படகு விடும் ஏரி, அதற்கும் 18 ஆண்டுகள் கழித்து, 1863-இல் உண்டாக்கப்பட்டது.

மலையேறிய பங்களா தன் வடிவத்தையும் மாற்றிக்கொண்டது. காற்றுக்காகத் திறந்திருந்த தாழ்வாரம் குளிருக்கு அஞ்சிக் கண்ணாடியால் அடைபட்டது. விசிறிக் கயிறு போய், கணப்படுப்பும் புகைபோக்கியும் வந்தன. நாளடைவில் வாடகைக்குத் தங்கும் விடுதிகள் தோன்றின. அவற்றுள் ஹைக்ளார்க் என்னும் விடுதி இருந்த இடத்தில்தான் மிஷனெரிமார் 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதுவே.

ஆனால் அவர்கள் எப்படி மேலே சென்றார்கள்? வண்டிச் சாலை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் அமைந்தது. அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தான நடைபாதைதான். நோயாளிகளும் பெண்களும் குழந்தைகளும் கூலியாட்களின் தோள்மேல் நாற்காலிகளிலும் டோலிகளிலும் ஏறினார்கள். அப்பாதைக்கே கூலி காட் என்று பெயர் வந்தது. மேலே சென்றவர்களின் பெயர்கள் மிஷன் பதிவுகளிலும் கல்லறைகளிலும் நிற்கின்றன. பாதைக்குப் பெயராய் நின்றவர்களுக்கோ தனிப்பெயர் இல்லாமற்போயிற்று.

மிஷனெரிமாரைக் குறைகூற இதை எழுதவில்லை. பிள்ளையை அடக்கம்பண்ணிய தாய் குளிர்ந்த காற்றைத் தேடியது குற்றமல்ல. சாப்பிடவும் நேரமின்றி உழைத்த சீஷர்களை இளைப்பாறும்படி ஆண்டவரே அழைத்ததை மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆயினும் ஒன்று என் மனதை உறுத்துகிறது. சித்திரையிலும் வைகாசியிலும் வெயிலுக்கு ஒதுங்கியே அவர்கள் மலையேறினார்கள். அதே வெயிலில்தான் மரக்காணத்துப் பாத்திகளில் உப்பு நன்றாக விளைகிறது. உப்பு வாருகிறவர் அம்மாதங்களில் வேலையை விட்டு ஒதுங்க முடியாது; உப்பளத்தில் ஒதுங்குவதற்கு ஒரு மரமும் இல்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தாயார், "கயிறு இழுத்தவர் எங்கே படுத்துக்கொள்வார், ஐயா?" என்றார்.

"அந்தத் தாழ்வாரத்திலேயேதான், அம்மா," என்றேன்.

வரும் திங்கட்கிழமை முதல், உப்புக் காலம் முடியும்வரை, நமது ஆலயத்தின் வடபுறத் தாழ்வாரம் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை திறந்திருக்கும். பாய்களும் தண்ணீர்ப் பானைகளும் வைப்பதற்குச் சபை மூப்பர்கள் இசைந்திருக்கிறார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் எந்தச் சபையார், எந்த மதத்தார் என்று யாரும் கேட்கவேண்டாம்.