முஹர்ரம் முதல் நாள்: விடுமுறையா, பெருநாளா?

மலேசியாவிலும் அமீரகத்திலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஹிஜ்ரீ புத்தாண்டுக்கு அரசு விடுமுறை உண்டு. தமிழகத்தில் 'மொஹரம்' என்று அரசு விடும் லீவு அதுவல்ல. அது முஹர்ரம் பிறை 10, ஆஷூரா நாள். இது தெரியாமல் அன்று புத்தாண்டு வாழ்த்து அனுப்புகிறவர்கள் உண்டு. ஹிஜ்ரீ 61-ல் கர்பலாவில் ஹுஸைன் (ரலி) அவர்கள் ஷஹீதான நாளும் அதுதான் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஆண்டுக்கு எண் கிடையாது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கடிதங்களில் மாதம் மட்டும் இருந்ததால் குழப்பம் வந்தது. 'ஷஅபான் என்றால் எந்த ஷஅபான், போனதா, வருவதா?' என்ற கேள்வி எழுந்தது. ஆலோசனை நடந்தது. நபியவர்களின் பிறப்பையோ வஃபாத்தையோ எடுக்காமல், ஹிஜ்ரத்தைக் கணக்கின் தொடக்கமாக வைத்தார்கள். மதீனாவுக்கு வந்து சேர்ந்தது ரபீஉல் அவ்வலில். ஆனால் ஹாஜிகள் ஊர் திரும்பும் மாதம் என்று முஹர்ரமை ஆண்டின் முதல் மாதமாக்கினார்கள். ஆக, இது நிர்வாகத் தேவைக்காகப் பிறந்த ஏற்பாடு. அன்று ஸஹாபாக்கள் யாரும் புத்தாண்டு விழா நடத்தியதாகச் செய்தி இல்லை.

நமக்குப் பெருநாள் இரண்டுதான். மதீனாவாசிகள் விளையாடி மகிழ்ந்த இரு நாட்களுக்குப் பதிலாக அல்லாஹ் இவ்விரண்டையும் தந்தான் என்ற ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. அப்படியானால் விடுமுறை விடுவது கூடாதா? விடலாம். அது அரசின் அலுவல் சார்ந்த முடிவு. 2025-ல் அமீரகத்தில் முஹர்ரம் முதல் நாள் வியாழனன்று வந்தது. விடுமுறையை வெள்ளிக்கு மாற்றினார்கள். ஈதுப் பெருநாளை அப்படி மாற்ற முடியுமா? சவூதியில் இந்த நாளுக்கு விடுமுறையே கிடையாது.

மலேசியாவில் அன்று 'மஅல் ஹிஜ்ரா' விழாவில் மார்க்கப் பணி செய்தவர்களுக்கு விருது தருகிறார்கள். அதில் தவறு காண வேண்டியதில்லை. ஆனால் ஆண்டின் கடைசி அஸருக்குப் பின் ஒரு துஆ, மஃரிபுக்குப் பின் ஒரு துஆ என்று அங்கே ஓதி வருவதை நபிவழி என்று சொல்ல ஆதாரம் இல்லை.

ஆஷூரா நோன்புக்கு ஆதாரம் உண்டு. 9, 10 இரு நாளும் நோற்பது சிறப்பு. அரசு காலண்டர் முன்கூட்டியே அச்சாவதால் லீவு ஒரு நாள் தவறலாம். தலைமை காஜியின் பிறை அறிவிப்பைக் கேட்டு ஸஹர் வையுங்கள்.