புக்கானன் கேட்ட கேள்விகள்

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் நாட்டில் என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதெல்லாம் வென்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சரிவரத் தெரியாது. நேரில் பார்த்து எழுத கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பியவர் பிரான்சிஸ் புக்கானன். ஸ்காட்லாந்து மருத்துவர், தாவரவியலில் தேர்ந்தவர். 1800 ஏப்ரல் 23 அன்று சென்னையிலிருந்து கிளம்பினார். அவருடைய நாட்குறிப்பு 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

மைசூரைத் தேடி அந்த நூலைப் புரட்டுபவர்கள் முதல் சில பக்கங்களைத் தள்ளிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. இன்று கார் தொழிற்சாலைகளும் கண்டெய்னர் லாரிகளும் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் வழியாகத்தான் அவர் காஞ்சிபுரம் போனார்.

செம்பரம்பாக்கம் ஏரி அவரை நிறுத்திவிடுகிறது. வங்காளத்துக் குளங்களைப் போலத் தோண்டியதல்ல, இரண்டு மேட்டுநிலங்களுக்கு இடையே கரை போட்டு அடைத்தது என்று கண்டுகொள்கிறார். நீளம் ஏழெட்டு மைல், அகலம் மூன்று மைல். மழை பொய்த்தாலும் 32 கிராமங்களுக்குப் பதினெட்டு மாதம் தண்ணீர் தரும்; அவற்றில் உழவுத்தொழிலில் 5,000 பேர். இவற்றை அவர் அளந்து எழுதவில்லை. கேட்டு எழுதினார், கேள்விப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. இதனாலேயே எனக்கு அவர்மீது நம்பிக்கை. ஆனால் சொன்னவர் யார்? மதகைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டியா, ஊர்க் கணக்கரா? கம்பெனி கேட்கச் சொன்னது விளைச்சலைப் பற்றி. விளைச்சல் பதிவாயிற்று, சொன்னவர் விடுபட்டார்.

அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து இதே மண்ணுக்கு வந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். அவருக்கு இடப்பட்ட வேலை வேறு. நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவி இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்தது. பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தைப் பற்றி 1873இல் வெளியான அவரது அறிக்கையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பாறை அடுக்குகள் இடம்பெற்றன. செடிகளின் புதைபடிவங்களும் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களும் கலந்து கிடக்கும் அடுக்குகள் அவை. ஒரு காலத்தில் கடல் இதுவரை ஏறி வந்திருக்கிறது! பக்கத்து ஒரகடத்தில் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர்களுக்கு இதை நினைக்க நேரமில்லைதான்.

செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இப்போது சென்னையின் குடிநீர். பாசன முறையை நேரில் கண்ட முதியவர்கள் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும்போதே புக்கானனின் கேள்விகளை அவர்களிடம் கேட்டு, பதில் சொன்னவர் பெயரோடு எழுதி வைக்கலாம். கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்துவிடக்கூடிய வேலை இது.